இரண்டு இழை மிச்சம்

சாம்பலக்காவுக்கும் அவளுடைய அண்ணனுக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பதினோரு வருஷத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகாத மாதம் ஒன்றுகூடக் கிடையாது. மாதம் தவறாமல் போவாள். அண்ணன் தறிக்குப் பின்னால் காலை மடக்கி உட்காருவாள். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, அண்ணி கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, இரண்டு வீடு தள்ளியிருக்கும் தன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். இவ்வளவு ஒழுங்காகச் சண்டை போட்ட குடும்பம் அந்தத் தெருவில் வேறு இல்லை.

அவள் தொழில் அப்படி. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து தீரும்போது அதன் வாலை மட்டும் தறியிலேயே விட்டுவைப்பார்கள். அடுத்த பாவு வந்ததும், அதன் ஒவ்வொரு இழையையும் பழைய வாலின் ஒவ்வொரு இழையோடும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். முறுக்கியதும் இரண்டும் ஒன்றாகிவிடும். பிறகு மெதுவாக இழுத்தால் பழசு புதுசைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தறிக்குள் விட்டுவிடும். ஒரு பாவுக்கு இரண்டாயிரத்து நானூறு இழை. தெருவில் நாற்பத்தி சொச்சம் தறி. அவளுடைய விரல் நுனிகள் வருஷம் முழுக்க சாம்பல் பூத்தே இருக்கும். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் ஏதோ அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணனோடு பேசித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் அண்ணி.

"கஞ்சி ஜாஸ்தியாப் போச்சு, இழை விறைக்குதுன்னு சொல்லுங்க அண்ணி" என்பாள், அண்ணன் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

"கஞ்சி போட்டவன்கிட்ட போய்ச் சொல்லச் சொல்லு" என்பார் அண்ணன், சுவரைப் பார்த்து.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? எனக்கு எதுக்குத் தபால்காரி வேலை?" என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

இப்படியே காலம் முழுக்க ஓட்டியிருப்பார்கள். அந்தத் திங்கட்கிழமை கண்ணாடிக்காரம்மா வராமல் இருந்திருந்தால்.

அந்த அம்மா ஒரு பெரிய துணிக்கடையிலிருந்து வந்தவள். முப்பது வயசுதான் இருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி ஒன்று தொங்கும். பிறந்த குழந்தைகளைச் சுற்றி வைக்கிற வெள்ளைத் துணி வேண்டும், கைத்தறியில்தான் வேண்டும் என்று கடையில் கேட்கிறார்களாம். மில் துணியில் அந்த மெத்தென்ற தன்மை வருவதில்லையாம். "எங்களுக்குத் தெரியாதா?" என்று தெருவே மனசுக்குள் சிரித்துக்கொண்டது. ஒரு வருஷத்து வேலை. ஆனால் பதினெட்டுத் தறி வேண்டும், பதினேழு என்றால்கூட ஆகாது, வேறு ஊரைப் பார்த்துக்கொண்டு போய்விடுவோம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள்.

பதினெட்டுத் தறி என்றால் பதினெட்டு நெசவாளி என்று நினைத்துவிடக் கூடாது. நூல் சுற்றுகிறவள், கஞ்சி போடுகிறவர், தறிக்கு ஆணி அடிக்கிற தச்சர், மூட்டை தூக்குகிறவர், பாவு பிணைக்கிற சாம்பலக்கா, இவர்கள் எல்லாருக்கும் டீ ஆற்றுகிற கடைக்காரர் வரைக்கும் அதில் அடக்கம். அந்தத் தெருவில் ஒரு தறி நின்றால் ஆறு வீட்டு அடுப்பில் தெரியும். தெருவில் அவ்வளவு அகலத்துக்கு வெள்ளைத் துணி நெய்கிற தறிகள் மொத்தமே பதினெட்டுதான். பதினெட்டாவது அண்ணனுடையது.

சாயக்காரர் வீட்டு முற்றத்தில் கயிறு கட்டி எல்லார் துணியையும் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணாடிக்காரம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பதினேழு துணிக்குத் தலையை ஆட்டினாள். பதினெட்டாவதில் நின்றாள்.

"இங்க ஒரு கோடு ஓடுதே."

அந்தக் கோடு தெருவுக்கே தெரியும். இடது கரையிலிருந்து நாலு விரல் தள்ளி, மயிரிழை அகலத்துக்கு, துணியின் தலையிலிருந்து கால் வரைக்கும் ஓடும். அந்த இடத்தில் மட்டும் நெசவு கொஞ்சம் இளைத்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும், ஆனால் தெரியும்.

"தடிச்ச நூல் ஒண்ணு அதுல போட்டு அடைச்சிடலாம்மா" என்றார் அண்ணன். குரல் இறங்கிப்போயிருந்தது.

"கைக்கு மேடாத் தட்டும்ங்க. பிஞ்சு உடம்பு. உறுத்தும்." அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சனிக்கிழமை மத்தியானம் திரும்ப வர்றேன். சரி பண்ணி வைங்க. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

தெரு முழுக்க முதலில் அண்ணனைப் பார்த்தது. பிறகு, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சாம்பலக்காவின் கையைப் பார்த்தது. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கோட்டுக்கு வயசு முப்பத்தி நாலு.

அப்போது அவளுக்குப் பதினேழு, அண்ணனுக்கு இருபத்திரண்டு. அப்பா இருந்தார். அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், தப்பே பண்ணாதவர் என்று தெருவில் பெயரெடுத்தவர். அடுத்தவன் தறி சத்தத்தைத் தெருவில் நின்று கேட்டே, "உள்ள ஒரு இழை அறுந்திருக்கு, பாருடா" என்று சொல்லிவிட்டுப் போவார். அண்ணன் ஒருமுறை குறுக்கிழை ஒன்றை விட்டுவிட்டு நெய்ததற்கு ஒரு சாண் துணியைப் பிரிக்க வைத்தார். பிரித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார், அதுதான் பெரிய தண்டனை.

அந்த வருஷம் புது அச்சு வாங்கி வந்தார். தறியில் நெருக்கமாகப் பல் வைத்த இரும்புச் சீப்பு மாதிரி ஒன்று இருக்குமே, குறுக்கிழையை அடித்து நெருக்குவது, அதுதான் அச்சு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இரண்டிரண்டு இழையாகக் கோக்க வேண்டும். "ஆயிரத்து இருநூறு இடுக்கு. நானே எண்ணி வாங்கினேன்" என்றார் அப்பா. மேலும் கீழும் தூசி படாமல் இருக்கக் காகிதம் ஒட்டி, தானே துடைத்து, தானே தறியில் மாட்டினார். யாரையும் தொட விடவில்லை. கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். கதவில் நசுங்கிவிட்டதாம்.

புது அச்சில் முதல்முறை இழை கோக்க இரண்டு பேர் வேண்டும். பின்னால் உட்கார்ந்து இழையை எடுத்துக் கொடுக்க ஒருவர், முன்னால் கொக்கி போட்டு இழுக்க ஒருவர். அவள் கொடுத்தாள், அண்ணன் இழுத்தார். முகம் தெரியாது, நூல் மறைத்துக்கொண்டிருக்கும். குரல் மட்டும்தான். இரண்டு நாள் முழுக்க அண்ணன் பக்கத்து வீட்டு மாமா மாதிரி பேசிக் காட்டினார். அவள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து நூலுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த இரண்டு நாள் வேறு கிடையாது. கல்யாணமாகிப் போனாள், கணவனை இழந்து திரும்பி வந்தாள், எதெதுவோ நடந்தது. அந்த இரண்டு நாள் மட்டும் அப்படியே கலையாமல் உள்ளே இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் கடைசி இடுக்கு முடிந்தபோது, அவள் விரலில் இரண்டு இழை மிச்சம் நின்றது. போட இடமில்லை.

"நீ ஒரு இடுக்கைத் தாண்டிட்டேடா" என்றாள் அவள். கோபம் வந்தால் 'டா'தான்.

"நீதான் சிரிச்சுக்கிட்டே கொடுக்காம விட்டே" என்றார் அண்ணன்.

இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்து நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அப்பா அந்த இரண்டு இழையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "விடு. ஓரத்துல சேர்த்துக் கட்டிடு. மறுபடி கோக்க நேரமில்லை" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதோடு இரண்டு பேரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கொரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்கு நம் மேல் இவ்வளவு பாசமா என்று அன்றைக்கு அவள் தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

அதற்குப் பிறகு அந்த அச்சிலிருந்து நூலை யாரும் உருவவில்லை. பாவு மேல் பாவாகப் பிணைத்துக்கொண்டே வந்தார்கள். பழசு புதுசைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது, அந்தக் கோட்டையும் சேர்த்து. 'நீ தாண்டினே', 'நீ கொடுக்கலே' என்பது வீட்டில் பழகிப்போன வேடிக்கையாகிவிட்டது. விருந்தாளி வந்தால்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்பா போன மறுவருஷம் அந்த வேடிக்கை முடிந்தது. ஒரு கடைக்காரர் நாற்பது விரிப்புகளைக் கோட்டைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். இதே முற்றத்தில் மூட்டையை இறக்கினார்கள். அண்ணன் எல்லார் எதிரிலும் கத்தினார். "அன்னைக்கு இவ இழை கொடுத்த லட்சணம்! ராசியில்லாத கை!"

கணவனை இழந்து வந்து, அந்தக் கையை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் அது தெரியும். சொன்ன மறுநிமிஷமே அவர் முகம் கறுத்துப்போனது, ஆனால் வாயிலிருந்து விழுந்ததை எங்கே போய்ப் பொறுக்குவது? அடுத்த சில மாதம் மூன்று வீட்டில் அவளைப் பாவு பிணைக்கக் கூப்பிடவில்லை. காரணம் கேட்டால், "உறவுக்காரப் பொண்ணு ஒருத்தி வந்திருக்கா" என்றார்கள். அந்த உறவுக்காரப் பெண் முறுக்கிய இழையெல்லாம் அறுந்து தொங்கியதும் திரும்பக் கூப்பிட்டார்கள் என்பது வேறு விஷயம். அண்ணன் அதற்கப்புறம் அந்தக் கோடு ஓடும் இடத்தில் தடித்த நீல நூல் ஒன்றைப் போட்டு அடைத்து நெய்தார். அந்த வீட்டு நீலக்கோட்டுப் போர்வை என்று அதற்கே ஒரு பெயர் வந்துவிட்டது. முழு வெள்ளை கேட்ட கண்ணாடிக்காரம்மாவின் துணிக்குத்தான் அதைப் போட முடியவில்லை. துணியில் அடைத்தாகிவிட்டது. வீட்டில் அடைக்க வழி தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணி மூச்சிரைக்க வந்தாள்.

"உங்கண்ணன் கத்தரிக்கோலை எடுத்து மொத்தத்தையும் வெட்டிட்டாரு."

"எதை?"

"வாலை. அச்சுல கோத்திருந்தது எல்லாத்தையும். மொட்டையா நிக்குது தறி. முதல்லேர்ந்து கோக்கணுமாம். இழை எடுத்துக் கொடுக்க ஆள் வேணும். என் கண்ணு லட்சணம் உனக்கே தெரியும்."

சாம்பலக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். முப்பத்தி நாலு வருஷமாக அறுபடாமல் வந்த நூல். அவள் கையால் நூற்றுக்கணக்கான முறை முறுக்கி முறுக்கிக் காப்பாற்றியது. அப்பா பார்த்த நூலின் வால் அது.

"ராசியில்லாத கை வேணுமாமா?"

"பதினெட்டு வீடும்மா" என்று மட்டும் சொன்னாள் அண்ணி.

போகாமல் இருந்திருக்கலாம்தான். போகாமல் இருந்தால் ஒரு வருஷத்து வேலை போகும், அதில் அவளுடையதும் போகும். ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. இன்னொருமுறை அந்தக் கை தவறு செய்யாமல் கோத்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி அவளுக்கு. செவ்வாய்க்கிழமை காலை விடிந்ததும் போய்த் தறிக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

இந்த முறை யாரும் பக்கத்து வீட்டு மாமா மாதிரி பேசவில்லை.

"ரெண்டு" என்பாள் அவள். "ரெண்டு" என்பார் அண்ணன், கொக்கியை இழுத்துக்கொண்டு. அவ்வளவுதான் பேச்சு. நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அண்ணி, நூறு இடுக்கு முடிய ஒரு தரம் சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று பேரும் எண்ணினார்கள். பழைய கோடு இருந்த நாலு விரல் இடம் வந்தபோது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ரெண்டு, ரெண்டு, ரெண்டு. தாண்டவில்லை, விடவில்லை. சத்தியமாக விடவில்லை.

ஆனால் அந்த 'ரெண்டு' என்ற ஒரே வார்த்தையில் எத்தனை விதம் இருக்கிறது என்று அவள் அந்த இரண்டு நாளில்தான் தெரிந்துகொண்டாள். காலையில் விறைப்பாக வந்தது. மத்தியானம் களைப்பாக வந்தது. அவள் ஒருமுறை இருமியபோது, அந்தப் பக்கத்திலிருந்து வந்த 'ரெண்டு' கொஞ்சம் தயங்கி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதுபோல வந்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு 'ரெண்டு' என்றாள்.

புதன்கிழமை, வெயில் இறங்கும் நேரம். சுவரில் பதினோரு கோடு. அதற்கு மேல் தொண்ணூற்றொன்பது.

"ரெண்டு" என்றாள்.

பதில் வரவில்லை.

"ரெண்டு" என்றாள் மறுபடி. நூலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தாள். அண்ணன் கொக்கியைக் கையில் பிடித்தபடி அச்சின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுக்கு தீர்ந்துவிட்டது. அவள் விரலில் இரண்டு இழை மிச்சம் நின்றது.

இப்போது சொல்வார், இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். அண்ணன் கொக்கியைக் கீழே வைத்தார். சுவரைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க? மூணு பேரும்தானே எண்ணினோம்? பதினொண்ணும் தொண்ணூத்தொம்பதும். நான் சாமர்த்தியமாத்தான் கோடு போட்டிருக்கேன்" என்றாள் அண்ணி.

அண்ணன் மெதுவாகச் சொன்னார். சுவரிடம் சொல்லவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை. "நீ விடலை. நான் தாண்டலை. அப்ப அச்சுல ஒண்ணு குறையுது."

அச்சை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று முப்பத்தி நாலு வருஷத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அப்பா எண்ணியதை யார் திரும்ப எண்ணுவார்கள்?

அவள் எழுந்து முன்பக்கம் வந்தாள். அச்சின் பல்வரிசை மேல் சுட்டுவிரல் நகத்தை வைத்து இடப்பக்க ஓரத்திலிருந்து இழுத்தாள். கிர்ர்ர் என்று ஓடிய நகம் நாலு விரல் தள்ளி ஒரு இடத்தில் லேசாக வழுக்கியது. திரும்ப இழுத்தாள். அதே இடம், அதே வழுக்கல். இரண்டாயிரத்து நானூறு இழையைத் தனித்தனியாகத் தடவிப் பழகிய விரலுக்குத்தான் அது தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

அண்ணன் அலமாரியிலிருந்து அப்பாவின் இழை எண்ணும் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து வைத்துப் பார்த்தார். அந்த இடுக்கு மட்டும் மற்றதைப்போல இரண்டு மடங்கு அகலம். அப்பா ஒட்டிய காகிதத்தை நகத்தால் கிள்ளி உரித்தார். மேலே கட்டுக்குள் ஒடிந்த பல்லின் அடி, கீழே ஒன்று. இரண்டு நுனியும் அரத்தால் பக்குவமாக, மழமழவென்று ராவியிருந்தது. அவ்வளவு சுத்தமாக ராவ அந்தத் தெருவில் ஒருத்தரால்தான் முடியும்.

"கட்டைவிரல்ல துணி சுத்தியிருந்தாரே" என்றாள் அவள்.

"கதவுல நசுங்கிடுச்சுன்னாரு" என்றார் அண்ணன்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, நல்ல கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன அப்பா? ஒடித்துவிட்டேன் என்று சொன்னால் தலையா போய்விடும்? உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எங்கள் இரண்டு பேரையும் மோத விட்டாயே. பதினோரு வருஷம். அப்பா எதிரில் இருந்திருந்தால் கேட்டே இருப்பாள்.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பன்..." என்றார்.

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். "ஆமா. பன்."

"நான்கூடப் பாசம்னு நினைச்சேன்."

"பாசமும்தான்" என்றாள் அவள். சொன்ன பிறகு அது சரிதான் என்று பட்டது. அந்த மனுஷன் தன் பன்னை வாயில் வைக்கவே இல்லை. பாதியாகப் பிய்த்து இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு, டீயை மட்டும் குடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாமனாரை நினைத்து அண்ணிதான் முதலில் சிரித்தாள். "மாமா! என் துணியில நொட்டை சொன்ன மாமாவா!" என்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோது சாம்பலக்கா சொன்னாள், "வெளியில சொல்ல வேண்டாம். தெருவுல அவர் பேரு அப்படியே இருக்கட்டும்."

அண்ணன் தலையாட்டினார்.

அப்படிச் சொன்னதற்கு என்ன விலை என்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது. அப்பா பெயர் நின்றால், கோடு இரண்டு பேரில் ஒருத்தர் தப்பாகத்தான் இருக்க வேண்டும். தெருவுக்கு அது யார் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவார் என்று வாசல்வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தாள்.

வியாழக்கிழமை காலை, பரணில் கிடந்த பழைய அச்சு ஒன்றிலிருந்து ஒரு பல்லை உருவி, அண்ணன் தானே உள்ளே நுழைத்து, மெழுகு நூலால் கட்டினார். வேறு ஆளைக் கூப்பிட்டால் விஷயம் டீக்கடைக்குப் போய்விடும். பிறகு கோத்த நூலையெல்லாம் உருவிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எல்லாரும் அலுத்துக்கொள்ள வேண்டிய வேலை. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு" என்றாள். "ரெண்டு" என்றார். ஐம்பது, அறுபது இடுக்கு போனது. நூலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து திடீரென்று பக்கத்து வீட்டு மாமாவின் குரல் வந்தது. மூக்கால் பேசுகிற, எல்லாத்துக்கும் 'என்னைக் கேட்டா' என்று ஆரம்பிக்கிற குரல். அந்த மாமா செத்தே பதினைந்து வருஷம் ஆகிறது.

"என்னைக் கேட்டா, ரெண்டுக்கு அப்புறம் ரெண்டுதாம்மா வரணும்."

அவள் இழையை விட்டுவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. ஐம்பத்தொரு வயசுப் பொம்பளை, நூலுக்குப் பின்னால் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கண் நின்றபாடில்லை. நல்லவேளை, நூல் மறைத்தது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற வேளையில் பன்னிரண்டாவது கோட்டை அண்ணி போட்டாள். கடைசி இரண்டு இழை கடைசி இடுக்கில் போய் உட்கார்ந்தது. அவள் கையை விரித்துப் பார்த்தாள். விரலில் ஒன்றுமில்லை. நாலு நாளாகச் சாம்பல் தொடாததால் விரல் நுனி பழைய நிறத்துக்கு வந்திருந்தது, யாருடைய கையோ மாதிரி.

சனிக்கிழமை காலை அண்ணன் ஒரு முழம் நெய்தார். மத்தியானம் கண்ணாடிக்காரம்மா வந்து அதே முற்றத்தில் வெளிச்சத்துக்குப் பிடித்தாள். கண்ணாடியை வைத்து ஓரத்திலிருந்து ஓரம்வரை ஊர்ந்தாள். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பதினெட்டு வீட்டு மூச்சும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. கண்ணாடிக்காரம்மா காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே டீக்கடைக்காரர் டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்.

சாயக்காரர் அந்தத் துணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினோரு வருஷத்துக்கு முன் அந்த மூட்டை இறங்கியபோதும் பக்கத்தில் நின்றவர். "முப்பது வருஷத்துக் கோடப்பா இது! எப்படிப் போச்சு? கடைசியில யார் பண்ணின தப்பு அது?"

கேட்டுவிட்டு அவர் கண் போன இடம் சாம்பலக்காவின் கை. எல்லார் கண்ணும் அங்கேதான் போனது. அவள் முந்தானையைத் தேடினாள்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைச் சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம், ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"நான்தான்" என்றார் அண்ணன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அன்றைக்குக் கத்தின அதே அளவுக்கு. "கொக்கி போட்டது நான். ஒரு இடுக்கைத் தாண்டிட்டேன். அவ சரியாத்தான் கொடுத்தா. இவ்வளவு நாளும் அவ மேல போட்டுட்டுத் திரிஞ்சேன். அது ராசியான கைய்யா. அந்தக் கை இல்லேன்னா இந்தத் தெருவுல ஒரு தறி ஓடாது."

அது பொய் என்று மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஐம்பத்தாறு வயசில், ஒரு சாண் துணியைப் பிரிக்கச் சொன்னால் பிரிக்கத் தயாராக இருக்கிறவர் மாதிரி.

சாம்பலக்கா கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தாள். பதினோரு வருஷம் கழித்துத் தெருவுக்கு எதிரில் அண்ணனோடு பேசுகிற முதல் பேச்சு, அதைத் தழுதழுத்த குரலில் பேச அவளுக்கு இஷ்டமில்லை.

"இப்பவாவது ஒத்துக்கிட்டியேண்ணே" என்றாள். பிறகு சாயக்காரர் பக்கம் திரும்பினாள். "சின்ன வயசுலேர்ந்தே எங்கண்ணனுக்கு எண்ண வராது. எங்கப்பா தலையிலடிச்சுக்குவாரு."

முற்றம் வெடித்துச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அண்ணன்தான். கண்ணைத் துடைக்க அவருக்குத் தோள் துண்டு போதவில்லை.